எங்கள் ரோட்டை அரைத்த நாள்

வெம்பக்கோட்டையிலிருந்து சிவகாசி போகும் வழியில், ரோட்டோரம் எங்கள் வீடு. கட்டியபோது வாசலுக்கு இரண்டு படி ஏற வேண்டியிருந்தது. ரோடு பழுதானபோதெல்லாம் பழைய தாரின் மேலேயே புதுத் தாரைக் கொட்டினார்கள். ரோடு உயர உயர வீடு பள்ளத்துக்குள் போனது. மழை பெய்தால் தண்ணீர் அடுப்படி வரைக்கும் வரும்.

போன வருடம் ஆவணியில் ஒரு காலை, பட்டாசுக் கம்பெனி வேனுக்காகத் தூக்குவாளியோடு நின்றிருந்தேன். ரோடு போடுகிறவர்கள் லாரியில் வந்து இறங்கினார்கள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. நடுரோட்டில் போய் நின்றுகொண்டேன்.

"இன்னும் ஒரு சாண் ஒசத்துனா நாங்க கூரை வழியாத்தான் வீட்டுக்குள்ள எறங்கணும். கொட்ட விடமாட்டேன்!"

என் வீட்டுக்காரர் ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்தார். நான் அசையவில்லை. இன்ஜினியராக வந்திருந்த பெண் சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்தார்.

"கொட்ட வரலக்கா, தோண்ட வந்திருக்கோம். மேல இருக்கிற தாரச் சொரண்டி வேற ரோட்டுக்கு அடித்தளமாக் கொண்டு போயிருவோம். மிச்சத்த அரைச்சு, சிமெண்டும் தண்ணியும் கலந்து இங்கனயே அமுக்கிருவோம். ரோடு எறங்கும், நீங்களே பாருங்க."

அரைமனதோடு ஒதுங்கினேன்.

முதல் மிஷின் மேல்தாரைச் சுரண்டிச் சுரண்டி லாரிக்குள் வீசியது. வெட்டிய ஓரத்தில், ஒவ்வொரு தடவையும் போட்ட தார் அடுக்கடுக்காகத் தெரிந்தது. "அடியில கெடக்கிறது நம்ம கல்யாணத்துக்கு முந்திப் போட்டதுடி!" என்றார் வீட்டுக்காரர். அவருக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது.

அடுத்த மிஷினின் வயிற்றுக்குள் பல் வைத்த உருளை சுற்றியது. அதற்கு முன்னால் கெட்டித் தாராகக் கிடந்த மிச்ச ரோடு, பின்னால் கேழ்வரகுப் புட்டு மாவு போல ஈரமாக, உதிரியாக வந்தது. ரோலர் ஏறி அதை அமுக்கியது. நான் அதன் கூடவே நடந்தேன்.

வேன்காரர் ஓரமாக நிறுத்தி ஹாரன் அடித்தார்.

"நீங்க போங்கண்ணே, நான் இன்னைக்கு வரல!"

மறுநாள் கம்பெனியில் போர்மேன் ஏசினார். "சீசன் நேரத்துல ரோடு போடுறத வேடிக்க பாத்துக்கிட்டு நின்னியாக்கும்?" நான் கண்டதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். கேட்டு முடித்தவர், "எங்க தெருவுக்கு எப்பம்மா வரும் அந்த மிசினு?" என்றார்.

ஒரு வாரம் தண்ணீர் தெளித்து இறுகவிட்டு, மேலே மெல்லிசாகத் தார் போட்டார்கள். ஐப்பசியில் பெருமழை கொட்டியது. நானும் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு விளக்குமாற்றோடு வாசலில் நின்றோம். தண்ணீர் ரோட்டோரமாகவே ஓடி, கொஞ்சம் தள்ளியிருந்த ஓடைப் பாலத்துக்கடியில் இறங்கியது.

"வரலடி, உள்ள வரவே இல்ல!" என்று கத்தியபடி அவர் மழைக்குள் இறங்கிவிட்டார். நானும் பின்னாலேயே ஓடினேன்.