ஏறும் என்று சொன்னவர்

என் தங்கையின் கணவர் செய்யாத தவறை அவர் தலையில் சுமத்தியவன் நான். இதை நினைக்கும்போதெல்லாம் ஒரு முட்டை அட்டைதான் முதலில் கண்ணுக்கு வருகிறது. நாமக்கல்லுக்கு வெளியே அவருடைய கோழிப்பண்ணையில், தீவன அறை மேசைமேல் அவர் கொண்டுவந்து வைத்த அட்டை. அதன் குழியில் என் கைபேசியைச் சாய்த்து நிறுத்திவிட்டு, "குனிஞ்சே பாத்தா கழுத்துப் புடிச்சுக்கும் மச்சான், இப்பப் பாருங்க" என்றார்.

நான் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவன். அவரோ கோழிகளுக்காக ஆண்டு முழுவதும் மக்காச்சோளம் வாங்குகிறவர். இருவரும் சேர்ந்து மக்காச்சோள முன்பேர வணிகத்தில் இறங்கினோம். சோளத்தைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. விலை ஏறுமா இறங்குமா என்று ஒரு பக்கம் முடிவு செய்து, முன்பணம் கட்டி, ஓரிரு நாளில் முடித்துக்கொள்வது. பக்கத்தைச் சொல்வது அவர் வேலை. வாங்குவதும் விற்பதும் என் வேலை. கணிப்பு தவறினால் ஒரு விலையில் தானாகவே விற்று வெளியேறும்படி 'ஸ்டாப் லாஸ்' போடுவதும் என் பொறுப்பு. அதில் அவர் கறாராக இருந்தார். "பாதி நாள் தப்பாத்தானுங்க சொல்லுவேன். தப்புன்னு தெரிஞ்சா வெளிய வந்துடோணும்."

ஒருநாள் ஏறும் என்றார். வாங்கினேன், ஸ்டாப் லாஸும் போட்டேன். அவர் குஞ்சுகளுக்குத் தடுப்பூசி போடக் கொட்டகைக்குப் போய்விட்டார். விலை இறங்கத் தொடங்கியது. எங்கள் ஊர்ப் பக்கம் முட்டை விலை இறங்கினால், பண்ணைக்காரர்கள் அட்டைகளை அடுக்கிவைத்து இரண்டு நாள் காத்திருப்பதுண்டு. பெரும்பாலும் விலை திரும்பிவிடும். அதைப் பார்த்துப் பழகிய புத்தி எனக்கு. சோளமும் திரும்பும் என்று ஸ்டாப் லாஸை எடுத்துவிட்டேன். அடுக்கிவைத்த முட்டை நம்மிடம் எதுவும் கேட்பதில்லை. முன்பேரத்திலோ அன்றன்றைய நட்டத்தை அன்றன்றே முன்பணத்தில் பிடித்துக்கொண்டு, குறைந்ததைக் கட்டச் சொல்வார்கள். வகுப்பில் இதை விளக்கியவனே நான்தான்.

மாலையில் அவர் வந்து, "வெளிய வந்தாச்சுங்களா?" என்றார். "இன்னும் அந்த விலைக்கு வரலை மாப்ள" என்று பொய் சொன்னேன். மறுநாள், மலிவாகக் கிடைக்கிறதே என்று மேலும் வாங்கினேன். தீவனத்துக்கென்று ஒதுக்கி, அவர் இந்த வணிகக் கணக்கில் போட்டிருந்த பணம் முழுவதும் அந்த வாரத்திலேயே போயிற்று. அப்போதும் உண்மை வரவில்லை. "ஒரேயடியா விழுந்துடுச்சு மாப்ள, ஸ்டாப் லாஸ் புடிக்கவே இல்லை. நீங்க சொன்ன பக்கமே தப்பு" என்றேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்னாலதானுங்க" என்றார்.

தீவனம் வாங்க வழியில்லாமல் ஒரு கொட்டகைக் கோழிகளை முட்டையிடும் வயது முடியும் முன்பே விற்றார்கள். பண்ணை வரவு செலவைத் தங்கை தன் கைக்கு எடுத்துக்கொண்டாள். முட்டை வியாபாரிகள் வந்து உட்கார்ந்தால், "எங்க ஊட்டுக்காரரு ஏறும்னா, நீங்க தைரியமா இறங்கும்னு வெச்சுக்கலாமுங்க" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விடுவார். பிறகு மழை வருமா என்று கேட்டால்கூட, "எனக்கென்னங்க தெரியும்" என்பது அவர் வழக்கமாயிற்று.

நான் மட்டும் சொந்தப் பணத்தில், சிறிய அளவில், வணிகத்தைத் தொடர்ந்தேன். பக்கம் தவறுவதில் வெட்கம் இல்லை, அது எல்லோருக்கும் தவறும் என்பதைக் கற்றுக்கொண்டேன். தவறிய பிறகு அதை ஒப்புக்கொள்ளாமல் பிடித்துத் தொங்குவதுதான் ஆளைத் தின்கிறது. இதைக் கற்ற பிறகும் சில ஆண்டுகள் வாய் திறக்காமல் இருந்தேன். அதற்கு எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை.

சென்ற தை மாதம், ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து ஒரு காசோலை எழுதிக்கொண்டு போய், அதே தீவன அறையில் எல்லாவற்றையும் சொன்னேன். சோள மூட்டையில் கையை விட்டபடி நின்றிருந்தார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"பணம் கெடக்கட்டும்ங்க மச்சான். இதை உங்க தங்கச்சிகிட்டச் சொல்லுங்க."

வீட்டுக்குள் அவர் வரவில்லை. நான் சொல்லி முடிக்கும்வரை வாசல் குழாயடியில் கால் கழுவிக்கொண்டே இருந்தார். தங்கை என்னைத் திட்டவில்லை. "நான் அவரை அத்தனை பேரு முன்னாடி அப்படிப் பேசுனப்ப, நீங்களும் சேந்து சிரிச்சீங்களேண்ணா?" என்று மட்டும் கேட்டாள். காசோலையை வாங்கி வைத்துக்கொண்டாள். அதன்பின் அவளாக என்னிடம் தொலைபேசியில் பேசியதில்லை.

போன மாதம் நானாகவே போனேன். காலியாகக் கிடந்த கொட்டகையில் மறுபடியும் குஞ்சுகள் விட்டிருந்தார்கள். தங்கை ஒரு வியாபாரியிடம் பேசிக்கொண்டிருந்தாள். முட்டை விலை இறங்குமுகம் போலும். பேச்சை நிறுத்தி, கொட்டகைப் பக்கம் பார்த்து, "ஏனுங்க, இன்னைக்கே குடுத்துரலாமா, ரெண்டு நாள் வெச்சுப் பாக்கலாமா?" என்று குரல் கொடுத்தாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, கொஞ்சம் யோசித்தார்.

"இன்னும் இறங்கும். குடுத்துரு."

அவள் ஒரு வார்த்தைகூடத் திருப்பிக் கேட்கவில்லை. அட்டைகள் வண்டியில் ஏறத் தொடங்கின. நான் தீவன அறை மேசை முன் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு, திரையில் எதையும் படிக்காமல் குனிந்து உட்கார்ந்திருந்தேன். மேசைமேல் அட்டை எதுவும் இல்லை. கழுத்து வலித்தது. ஒருவரும் என்னவென்று கேட்கவில்லை.