குருணை காயும் நேரம்

“புது மிஷின் வருதாமே?” என்று ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா கேட்டாள்.

“யார் சொன்னா?” என்றாள் தங்கை, குருணையைத் தட்டில் பரப்பியபடி.

“கேன்டீன் முழுக்க அதே பேச்சுதான். ஒரு பக்கம் தூளைக் கொட்டினா மறுபக்கம் மாத்திரையா வந்து விழுமாம். நடுவுல நிறுத்தவே வேண்டாமாம்.”

“ஆமாக்கா. பேட்ச் பேட்ச்சா போடற வேலையே இனி கிடையாது.”

“அப்ப ஈரம் யாரு பார்ப்பா?”

“குழாய்க்குள்ளயே ஒரு கண்ணு வச்சிருக்காங்க. மாவு ஓட ஓட அதுவே பார்த்துக்கும்.”

அக்கா ஜன்னல் கண்ணாடியில் பேசுவதற்கென்று போட்டிருந்த துளைகளுக்கு அருகே குனிந்தாள். பிறகு, “அந்தக் கண்ணுக்கு வாய் இருக்காடி?” என்றாள்.

தங்கை சிரித்துவிட்டாள். அக்கா சிரிக்கவில்லை.

மாத்திரைத் தொழிற்சாலையில் அக்காவுக்குக் குருணைப் பிரிவில் வேலை. மருந்துத் தூளையும் மாவையும் கலந்து, ஈரமாக்கி, குருணையாக்கி உலர்த்துவாள். எவ்வளவு மூடிக்கொண்டாலும் இமையில் வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருக்கும். எல்லோருக்கும் அவள் மாவக்கா. தங்கை அதே கட்டடத்தில், சோதனைக்கூடத்தில் இருந்தாள். ஒவ்வொரு பேட்ச்சும் உலர்ந்ததும் அக்கா ஒரு கப் குருணையை ஜன்னல் வழியாக நீட்டுவாள். தங்கை அதைச் சூடான விளக்கின் கீழ் வைத்து, எடை எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பாள். குறைந்த எடைதான் ஈரம். அதற்குப் பத்து நிமிடமாவது ஆகும். முடிவு வராமல் அடுத்த வேலையைத் தொடக்கூடாது என்பதால் அக்கா அங்கேயே நிற்பாள்.

“ரெண்டு பர்சன்ட். எழுதி வச்சுக்கோ” என்று ஒவ்வொரு முறையும் அடித்துச் சொல்வாள். இத்தனை வருட அனுபவத்தில் ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை.

அந்தப் பத்து நிமிடத்தில்தான் அவர்களுடைய பிறந்த வீடு இருந்தது. அம்மாவின் முழங்கால் வலி, பிள்ளைகளின் பரீட்சை, யாருக்கு எங்கே பெண் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அந்தக் கண்ணாடித் துளைகள் வழியாகத்தான் போய்வந்தன. வேறு வழியும் இல்லை. சகலைகள் இருவரும் முகம் பார்ப்பதில்லை. தங்கை வீடு கட்டியபோது அக்காவின் கணவர்தான் மெனக்கெட்டு ஒயரிங் செய்து கொடுத்தார். குடிபோன சில மாதத்தில் தங்கையின் கணவர் வேறொரு ஆளை வைத்து அதைப் பிடுங்கிப் புதிதாகப் போட்டார். “நான் இழுத்த ஒயர் அவனுக்கு ஷாக் அடிச்சுதாமா?” என்று அக்காவின் கணவர் ஒருமுறை கத்தியதோடு போக்குவரத்து நின்றது. அக்காவும் தங்கையும் அந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் பேசவில்லை. வீட்டில் பேசாததை ஜன்னலில் பேசினார்கள்.

புது இயந்திரம் வந்தது. தூள், ஈரம், உலர்த்தல், மாத்திரை அடிப்பு எல்லாம் ஒரே ஓட்டம். அக்காவைக் கணினித் திரைக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். பத்தடி தள்ளி ஒரு கண்ணாடிச் சுவர், அதற்கப்பால் நடைபாதை, அதன் முடிவில் அந்த ஜன்னல். ஜன்னலில் அதன்பிறகு யாருக்கும் வேலை இல்லை. நாட்கள் போயின. தங்கை தூரத்தில் அக்காவின் தொப்பியை மட்டும் பார்ப்பாள்.

இதெல்லாம் நடந்து பல வருடமாகிவிட்டது; அந்த ஜன்னலை அடைத்து வெள்ளையடித்துவிட்டார்கள். அக்கா ஓய்வு பெற்று, வேறு ஊரில் மகனோடு இருக்கிறாள். தங்கை அந்தச் சுவரைத் தாண்டும்போது நடையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வாள். அங்கே நின்று சிரித்த சிரிப்பெல்லாம் ஞாபகம் வரும். ஆனால் கடைசியாக அந்த ஜன்னல் தட்டப்பட்ட நாள்தான் முதலில் வரும்.

அன்று காலை புது இயந்திரத்தில் ஈரம் கொஞ்சம் ஏறியது. அப்படி ஏறினால் குழாயில் ஒரு கதவு தானாகவே திரும்பி, கெட்ட பகுதியை மட்டும் தனித் தொட்டியில் தள்ளிவிடும். சரியானதும் பழையபடி ஓடும். யாரும் எதையும் தொடவேண்டாம். அக்கா சிவப்புப் பொத்தானை அழுத்தி மொத்த ஓட்டத்தையும் நிறுத்தினாள். தொட்டியிலிருந்து ஒரு கப் அள்ளிக்கொண்டு நேரே வந்து ஜன்னலைத் தட்டினாள்.

தங்கை கணினியை விட்டு எழுந்து ஓடினாள். “என்னக்கா இது?”

“ஈரம் பார்த்துச் சொல்லுடி.”

பின்னாலேயே சூப்பர்வைசர் தலையில் கைவைத்துக்கொண்டு வந்தார். “மாவக்கா! அது தானா சரியாகியிருக்குமே! உள்ள இருந்த மொத்தமும் போச்சு. இனி கழுவித் துடைச்சு ஆரம்பிக்கணும்.”

“பழக்க தோஷம் சார்” என்றாள் அக்கா. “முடிவு வராம கை நகர மாட்டேங்குது.”

அவர் முணுமுணுத்தபடி ஆட்களைக் கூப்பிடப் போனார். அது பழக்கமா, வேண்டுமென்றே செய்ததா என்று தங்கை அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. யாருக்கும் தேவைப்படாத அந்தக் குருணையைத் தட்டில் பரப்பி, விளக்கைப் போட்டாள்.

“இனிமே இப்படி வர முடியாதுடி” என்றாள் அக்கா. “இன்னொரு தடவை நிறுத்தினா என்னையே நிறுத்திடுவாங்க.”

“தெரியும்க்கா.”

அக்கா முகமூடியைக் கீழே இழுத்துவிட்டு, கண்ணாடித் துளைகளுக்கு அருகே வந்தாள்.

“ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. உங்க மாமா வெளிய போற நேரம் பார்த்து வராதே. அவர் இருக்கும்போதே வா. மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வா.”