பலமாக இருமச் சொன்னார்கள்

இன்று மனைவியை யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். இருமினால் அவளுக்குச் சிறுநீர் கசியும். சிறுநீர்ப்பையில் நீர் நிரப்பி, இருமவைத்து, அழுத்தத்தை அளந்த பிறகுதான் ஒப்பரேஷனைப் பற்றிச் சொல்வார்களாம்.

திரைக்கு வெளியே நின்றேன்.

“அக்கா, பலமா இருமுங்கோ. ஒழுகினாத்தான் எங்களுக்குத் தெரியும்,” என்றாள் தாதி.

பூனை தும்மியது போல் ஒரு சத்தம் கேட்டது.

“ஏலாது பிள்ளை. கோயில்ல என்ர சீலை மணக்குதெண்டு மச்சாள் தன்ர மூக்கைப் பொத்தின நாளிலயிருந்து அடக்கியே பழகிப்போச்சு.”

மச்சாள் என்றது என் தங்கையை.

ஒரு துளியும் கசியவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி வர வேண்டுமாம்.

திரும்பும்போது, வெள்ளாங்குளத்தில் பஸ்ஸுக்குள் புழுதி அடித்து அவளுக்கு இருமல் வந்தது. சீலை நனைந்தது.

“இப்ப வந்து அளக்கச் சொல்லுங்கோ,” என்று அழுதாள்.

இதை முகநூலில் எழுதச் சொன்னவளும் அவள்தான். தங்கச்சி, நீயும் வாசிப்பாய். கொமென்ற்றில் ஏதாவது சொல்லு, மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு.