கருக்குச் சீவாத மட்டை

பச்சைப் பனைமட்டையை ஓங்கி வீசினால் காற்றில் ஒரு சீறல் கேட்கும். அந்தச் சீறல் காதில் விழுந்து முடிவதற்குள் தொடையிலோ முதுகிலோ மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரியத் தொடங்கிவிடும், அப்புறம்தான் அடி விழுந்ததே மண்டைக்குத் தெரியும். எங்கள் பக்கத்துக் குழந்தைகளுக்கு வாள் என்றால் அதுதான். மட்டையின் இரண்டு ஓரத்திலும் ரம்பப் பல்போல "கருக்கு" இருக்கும், அதை அரிவாளால் வழித்துச் சீவி எறிந்துவிட்டுத்தான் விளையாட எடுக்க வேண்டும். எத்தனை பேரின் மண்டையை உடைத்திருந்தாலும் எங்கள் சண்டைக்கு இருந்த ஒரே சட்டம் அது: கருக்குச் சீவாத மட்டையைத் தொடக்கூடாது.

மலையாள நாட்டு எல்லைக்குள் இருக்கிற கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, பொள்ளாச்சி பஸ் போகிற ரோட்டை விட்டுப் பனைகளுக்கு நடுவே உள்ளே போனால் எங்கள் ஊடு. பெரியப்பா குடும்பமும் நாங்களும் ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் இருந்தோம், சமையல் மட்டும் தனித்தனி. டிவி ஒன்றே ஒன்று, அது பெரியப்பா பக்கத்தில் இருந்தது. பெரியப்பாவின் ஒரே மகன் மயில்சாமி என்னைவிட இரண்டு வயது மூத்தவன். எனக்கு அப்போது பதினொன்று, உடம்பில் முக்கால்வாசி கோபம். எங்கள் பக்கம் பெரியவர்கள் குழந்தைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம். "வா கண்ணு", "தின்னு கண்ணு" என்பார்கள், புளியம் விளாரால் விளாசி முடித்த கையோடு "வலிக்குதா கண்ணு" என்றும் கேட்பார்கள். அப்பாவுக்குப் பிடித்த பழமொழி, "அடி உதவற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்". அதைச் சொல்லிக்கொண்டேதான் எங்களை அடிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் "கருவேலங்கோட்டை" என்று ஒரு தொடர் வந்துகொண்டிருந்தது. கோட்டையை இழந்த மலையரசன், அதைப் பிடித்துக்கொண்ட நாகதத்தன், இருவருக்கும் இடையில் வாராவாரம் தலைகள் உருளும். அட்டையில் செய்த தலை என்று இப்போது தெரிகிறது, அப்போது அது உருண்டு வந்து எங்கள் காலடியில் நிற்பதாகத்தான் இருந்தது. தொடர் முடிந்ததும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் மட்டையோடு களத்துமேட்டில் கூடிவிடுவோம். பார்த்த சண்டையை அடி பிசகாமல் திரும்பப் போட வேண்டும், பிசகினால் அதற்கு ஒரு தனிச் சண்டை. உதடு கிழியும், நகம் பெயரும், காயத்தில் காப்பித்தூளை அப்பிக்கொண்டு மறுபடியும் இறங்குவோம். ஒருமுறை நான் ஒருவனுடைய காதைக் கடித்து வைத்துவிட்டு, கதையில் இல்லாததைச் செய்தேன் என்பதற்காக நான்கு பேரிடம் உதை வாங்கினேன். மலையரசன் எப்போதும் மயில் அண்ணன்தான். நாகதத்தன் எப்போதும் நான், ஏனென்றால் விழுந்து புரளவும் மிதி வாங்கவும் சலிக்காத ஆள் நான் ஒருத்திதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையரசன் நாகதத்தனைத் தள்ளி நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்து வாளை ஓங்கினான். வாள் மேலே நின்றது. "தொடரும்" என்று போட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் ஒரு பெண்மணி ஒட்டாத தோசைக்கல்லைப் பற்றி அரைமணி நேரம் பேசினாள். அதற்கடுத்த வாரமும் அதே பெண்மணி, அதே தோசைக்கல். அப்பா கேபிள்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் சித்தூர்ப் பக்கத்து மலையாளி, டிவி நிலையத்தில் விசாரித்துவிட்டு வந்து வாசலில் நின்றபடியே சொன்னார்: "ஆ பரிபாடிக்கு இனி அவசரமில்லா, கேட்டோ."

அப்பா உள்ளே வந்து எங்களிடம் சொன்னார்: "அந்தத் தொடருக்கு இனி அவசரமில்லயாமா. நிதானமாப் போடுவாங்களாட்ட இருக்குது."

மலையாளம் எங்களுக்கு ரேஷன் கடைக்கும் வில்லேஜ் ஆபீசுக்குமான மொழி. கேட்டால் புரியும், பேசவும் வரும், ஆனால் வாசற்படி தாண்டி உள்ளே வந்ததும் எந்தச் சொல்லும் தமிழாகிவிடும். அதனால் நாங்கள் காத்திருந்தோம். மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வேறு தொடர்களுக்கு ஓடினார்கள், கிரிக்கெட்டுக்கு ஓடினார்கள், களத்துமேட்டில் கடைசியில் நாங்கள் இருவர்தான் மிச்சம். ஆறு மாதம், ஒரு ஞாயிறு தப்பாமல், குளித்துவிட்டு வந்து தோசைக்கல் பெண்மணியின் முன்னால் உட்கார்ந்தோம். சேனலை மாற்ற வந்த பெரியம்மாவின் கையை மயில் அண்ணன் முறுக்கிவிட்டு அதற்கும் அடி வாங்கினான். துரோகம் செய்தவர்கள் என்று நாலு வீட்டுக் கோழிக்கூண்டைத் திறந்துவிட்டோம். எவ்வளவு அடித்தாலும் வலிக்கவில்லை, ஏனென்றால் அவசரமில்லை என்று சொல்லியிருக்கிறார்கள், எப்படியும் வரும்.

பள்ளியில் மலையாளம் இரண்டாம் மொழி. டீச்சர் ஒருநாள் "அவசரம்" என்று பலகையில் எழுதி, அதை வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார். அவசரமாக ஓடிப்போய் பஸ் பிடித்தேன் என்று எழுதிக் கொடுத்தேன். மர ஸ்கேல் என் விரல் முட்டியில் குறுக்காக இறங்கியது. "எடீ, அது திடுக்கம். அவசரம் எந்நால் சான்ஸ். சான்ஸ்!" வகுப்பு முழுக்கச் சிரித்தது. எனக்கு விரல் வலி தெரியவில்லை. கேபிள்காரர் வாசலில் நின்றது கண்முன் வந்தது. இனி சான்ஸ் இல்லை. அந்த மனுஷன் ஆறு மாதத்துக்கு முன்பே சாவுச் செய்தி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், நாங்கள்தான் பிணத்தின் முன்னால் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டிருந்தோம்.

அன்று சாயங்காலம் களத்துமேட்டில் மயில் அண்ணனிடம் சொன்னேன். நம்பவில்லை.

"வாய மூடு. அவசரமில்லன்னு உங்கப்பன்தான சொன்னாரு."

"எங்கப்பனுக்குப் புரியல. அது செத்துப்போச்சு. இனி வராது."

கன்னத்தில் அறைந்தான். நான் அவன் வயிற்றில் முட்டினேன். இருவரும் மண்ணில் புரண்டு எழுந்தபோது இருவர் வாயிலும் ரத்தம். வராது என்பதை அந்த அறையிலேயே அவனும் ஒப்புக்கொண்டுவிட்டான் என்று தோன்றியது, இல்லாவிட்டால் அப்படி அடித்திருக்கமாட்டான்.

"செரி, நாமளே முடிச்சுப்போடலாம்" என்றேன். "இன்னிக்கு நாந்தான் மலையரசன்."

அவன் சிரித்தான். "பொட்டப்புள்ள மலையரசனா? நீ படுத்துக்க, நான் வெட்டறேன்."

அந்தச் சிரிப்பு இன்னும் எனக்குக் கேட்கிறது. இரண்டு வருடமாக மண்ணில் மல்லாந்து கிடந்தவள் நான். மாட்டுக்கொட்டகையில் செருகியிருந்த அரிவாளை எடுத்துப் போய் வரப்போரத்தில் கைக்கெட்டும் உயரத்தில் நின்ற வடலிப் பனையில் ஒரு மட்டையை வெட்டினேன். கருக்குச் சீவவில்லை. ஆத்திரத்தில் மறந்துபோனேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். கொடியில் கிடந்த பெரியப்பாவின் துண்டை உருவி, என் கை கிழியாமல் இருக்க அடிப்பக்கத்தில் சுற்றிக்கொண்டுதான் போனேன். மறந்தவள் துண்டு சுற்றுவாளா?

நான் ஓடிவந்த வேகத்தில் அவன் தடுமாறி விழுந்தான். நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்தேன். மட்டையை ஓங்கினேன். டிவியில் நின்றது அந்த இடத்தில்தான். நான் நிறுத்தவில்லை, இறக்கினேன். சீறல் கேட்டது. அப்புறம் அவன் போட்ட கத்தலைக் கேட்டுப் பனையில் இருந்த பறவையெல்லாம் எழுந்து பறந்தது.

மோட்டார் ரூமிலிருந்து பெரியப்பா ஓடிவந்தார். முகத்தைப் பொத்தியிருந்த மயில் அண்ணனின் விரல்களுக்கு நடுவே ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. மட்டை அவன் பக்கத்தில் கிடந்தது. துண்டை மட்டும் நான் உருவி என் முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தேன். "ஆர்றா பண்ணுனது?" என்று பெரியப்பா அலறினார். என் வாய் திறக்கவில்லை. அவன் திறந்தான்.

"என்ற மட்டைதானுங்கப்பா. நாந்தான் கருக்குச் சீவாம எடுத்துட்டு ஓடியாந்தேன். தடுக்கி அதும் மேலயே உழுந்துட்டேன்."

ஜீப்பில் கோயமுத்தூருக்குக் கொண்டு போனார்கள். இடது கண் போய்விட்டது. கட்டோடு அவன் வீடு திரும்பிய அன்று பெரியப்பா கடப்பாரையை எடுத்து வந்து டிவியின் முகத்தில் குத்தினார். படக்குழாய் வெடித்துக் கண்ணாடி அறை முழுக்கச் சிதறியது, அவர் கணுக்காலையும் கிழித்தது. ரத்தக் காலோடு திரும்பி, தலையில் கட்டுப்போட்டு உட்கார்ந்திருந்த மகனை அடித்தார். "கருக்குச் சீவோணும்னு தெரியாதாடா? தெரியாதாடா?" ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு அடி. அவன் கையை மட்டும் கட்டின் மேல் வைத்து மறைத்துக்கொண்டான், வேறு ஒன்றும் செய்யவில்லை. தடுக்கப் போன அப்பாவைப் பெரியப்பா, "உன்ற மக சகவாசந்தான் இத்தனைக்கும்" என்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். அதுவரை அண்ணனை "நீங்க" என்று தவிரச் சொல்லாத அப்பா, "போடா" என்றார். இரண்டு பேரும் வாசலில் உருண்டார்கள். அப்பாவின் முன்பல் ஒன்று மண்ணில் விழுந்தது. கதவுக்குப் பின்னால் நின்று, சத்தம் வெளியே வராமல் இருக்க அந்தத் துண்டைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தேன். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன்மேல் விழுந்த அடி நின்றிருக்கும். சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கேவலமான காரியம் மட்டையை இறக்கியது அல்ல, அதுதான்.

அன்று மத்தியானம் பெரியம்மா சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு அவனிடம் போய், "ஒரு வாய் வாங்கிக்க கண்..." என்றவள் பாதியில் நின்று, தட்டோடு தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் யாரையும் "கண்ணு" என்று கூப்பிடவில்லை. "சாமி" என்றார்கள், "தங்கம்" என்றார்கள், அந்த ஒரு சொல் மட்டும் நின்றுபோனது. கூரையின் நடுவே சுவர் எழுந்தது. நான் படித்து, பொள்ளாச்சிக்குக் கல்யாணமாகிப் போனேன். நல்லது கெட்டதில் மயில் அண்ணனைப் பார்த்தால் அவனுடைய வலது பக்கமாகவே நின்று நாலு வார்த்தை பேசிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

போன மாதம், நிலத்துக் காகிதத்துக்காக வில்லேஜ் ஆபீசில் மனு கொடுக்க வேண்டியிருந்தது. கொழிஞ்சாம்பாறையில் மனு அடிக்க வேண்டுமென்றால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அவன் கடைக்குத்தான் போக வேண்டும். தமிழும் மலையாளமும் ஒரே விசைப்பலகையில் அடிக்கிற ஒரு பழைய மென்பொருளை அவன் இன்னும் வைத்திருக்கிறான். அதைச் செய்த கம்பெனியே இழுத்து மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. கம்ப்யூட்டருக்கு நெட் கொடுத்தால் கெட்டுவிடும் என்று வயரையே பிடுங்கி வைத்திருக்கிறான். ஊர்ப் பையன்கள் அவன் கடையை "மியூசியம்" என்கிறார்கள்.

"புதுசு போட்டுக்கலாமில்லண்ணா?" என்றேன்.

"எனக்குக் கண்ணு ஒண்ணுதான். வெரலுக்கு இந்த எடமெல்லாம் மனப்பாடம். மாத்துனா வெரலும் குருடாயிப்போகும்." கண்ணு என்ற சொல்லை அவன் சர்வசாதாரணமாகச் சொன்னான், நான்தான் கையிலிருந்த நிலத்துக் காகிதத்தைத் திரும்பத் திரும்ப மடித்தேன். அப்புறம் தயங்கி, "இதுல இருக்கறது வேற எதுலயும் தொறக்காது. கட்டம் கட்டமாத் தெரியும்" என்று சொல்லி ஒரு கோப்பைத் திறந்தான்.

மேலே "கருவேலங்கோட்டை" என்று இருந்தது. கட்டுப் பிரித்த வருடம் நோட்டில் ஆரம்பித்து, கடை வைத்தபின் இதில் ஏற்றி, இன்றைக்கும் எழுதிக்கொண்டிருக்கிறான். மலையரசனின் பாட்டன் கதை, நாகதத்தன் பால் குடித்த வயதுக் கதை, கோட்டை கட்டிய கொத்தனின் கதை, பக்கம் பக்கமாக வெட்டும் குத்தும் ரத்தமும். ஆனால் ஒவ்வொன்றின் கடைசியிலும் வாள் மேலே நிற்கிறது, கீழே "தொடரும்".

அவனுடைய வலது பக்கம் நின்றிருந்த நான் சுற்றிப் போய் இடது பக்கம் நின்றேன். "அண்ணா, அந்த மட்டைக்கு நான் துண்டு சுத்தியிருந்தேன்."

"பச்சைக்கரைத் துண்டு" என்றான், திரும்பாமல். "ரெண்டு கண்ணுலயும் நான் கடைசியாப் பாத்த சாமானம் அதுதான்."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா எங்கப்பன் உன்னயக் கொன்னுபோட்டிருப்பாரு."

இப்போது அந்த வீடு இல்லை, சுவரும் இல்லை, களத்துமேட்டில் செங்கல் சூளை புகைகிறது, நான் மட்டை வெட்டிய வடலி வளர்ந்து பெரிய பனையாகி அதையும் சூளைக்கே வெட்டிவிட்டார்கள். பெரியப்பாவும் அப்பாவும் பேசாமலே போய்ச் சேர்ந்தார்கள். நான் கடையில் நின்று, மனு அடிக்க வந்தவர்கள் பார்க்கப் பார்க்க, மூக்கை உறிஞ்சி அழுதேன். வேறு என்ன கேட்பதென்று தெரியாமல், "இத எப்பத்தான் முடிப்பீங்க?" என்று கேட்டேன்.

கோப்பைச் சேமித்து மூடிவிட்டு அவன் முழு முகத்தையும் என் பக்கம் திருப்பினான்.

"அவசரமில்ல, கண்ணு."

எந்த மொழியில் சொன்னான் என்று நான் கேட்கவில்லை.