சுரங்கப்பாதைக்கு அந்தப் பக்கம்

எங்கள் அண்ணியைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொல்வது என் கூடப்பிறந்த அண்ணனே ஆனாலும் சரிதான். அண்ணிக்கு மூக்குக்கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை. ஒவ்வொரு வில்லையையும் விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் இருந்தால் ஒதுக்க வேண்டும். அவர் கண்ணிலிருந்து ஒரு கீறல் தப்பாது. ஆனால் தொழிற்சாலை இருப்பதோ ஊரின் மறுகோடி. ஒரு பேருந்து, இரண்டு ரயில். விடியும் முன் கிளம்பினால், மகள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் வீடு வந்து சேர்வார்.

அதனால் குட்டிக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதெல்லாம் ரயிலிலிருந்து, போனில்தான். அவள் இங்கே சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்து ஒப்பிப்பாள். அண்ணி அங்கே கூட்டத்தில் நசுங்கியபடி திருத்துவார். கூட வருகிறவர்களுக்கே இரண்டாம் வகுப்புப் பாடம் தலைகீழ்ப் பாடம். நடுவில் சுரங்கப்பாதை, அவர்கள் பேச்சில் 'டனல்', வந்ததும் சத்தம் அறுந்துபோகும். குட்டி வாயை மூடிக்கொண்டு காத்திருப்பாள். பிறகு கேட்பாள்: "அம்மா, கேக்குதா?"

"கேக்குது, சொல்லு."

விட்ட இடத்திலிருந்து தொடருவாள்.

வீட்டில் இப்படி வாயாடுகிறவள் பள்ளியில் வாயே திறப்பதில்லையாம். அம்மா பக்கத்தில் இல்லாத ஏக்கம் என்று டீச்சர் அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து அண்ணியிடம் சொன்னான்:

"குட்டிய ஆண்டு விழாவுல பேசச் சொல்லியிருக்காங்க. அன்னிக்கும் பேசலன்னா நீ வேலைய விட்டுடு."

"நீயும்தான் இருட்டினப்புறம் வர்ற. நீ விடேன்!" என்றேன். என்னை முறைத்தான்.

"அவ பேசுவா," என்றார் அண்ணி. அன்றிலிருந்து ரயிலில் வேறு பாடமே இல்லை, விழாப் பேச்சுதான்.

விழாவன்று அண்ணி அரைநாள் லீவு போட்டு, தோளில் பையோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். குட்டி மேடையேறி, மழையைப் பற்றிக் கணீரென்று ஆரம்பித்தாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பாதியில் சட்டென்று நின்றாள்.

டீச்சர் காகிதத்தோடு ஓரத்திலிருந்து அடுத்த வரியை எடுத்துக்கொடுக்க வந்தார். "அவ்வளவுதான், போச்சு," என்று அண்ணன் தலையில் கை வைத்தான். அண்ணி மட்டும் டீச்சரைப் பார்த்துக் கையமர்த்தினார்.

"கொஞ்சம் இருங்க டீச்சர். டனல்."

குட்டி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அம்மா, கேக்குதா?"

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. அண்ணி எழுந்து நின்றார். ரயில் இரைச்சலைத் தாண்டிப் பேசிப் பழகிய தொண்டை, மைக் எதற்கு?

"கேக்குது, சொல்லு!"

சொன்னாள் பாருங்கள்! விட்ட இடத்திலிருந்து, ஒரு சொல் பிசகாமல், கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி. பெருமை தாங்காமல் எனக்கு அழுகையே வந்துவிட்டது. டீச்சர் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டார்.

வேலையை விடும் பேச்சை அண்ணன் அப்புறம் எடுக்கவே இல்லை. வீடு திரும்பியதும், வாசலில் செருப்பைக் கழற்றும்போது மகளிடம் மெதுவாகக் கேட்டான்:

"நான் வர்ற ரயிலும் அந்த டனல் வழியாத்தான் வருது. எனக்கும் ஏதாவது ஒப்பிக்கிறியா?"

குட்டி கொஞ்சம் யோசித்தாள்.

"அம்மா போனை வெச்சப்புறம் கூப்பிடுப்பா," என்றாள்.