தல்ஹா சொன்ன முப்பது இலக்கங்கள்

கோட்டைமேட்டில் அத்தர் விற்ற தல்ஹாவுக்கு 'பை' என்ற எண்ணின் மேல் பைத்தியம். வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும், முடிவே இல்லாத எண் அது. அதன் தசம இலக்கங்களில் முப்பதை மனப்பாடமாகச் சொல்வார். அவர் சொல்லி முடிப்பதற்குள் கருமத்தம்பட்டி பஸ் போய்த் திரும்பிவிடும் என்பார்கள். இரண்டு தடவை திரும்பும் என்பேன் நான்.

தொண்ணூற்றாறில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தலையில் அடி. ஆஸ்பத்திரியில் கண் விழித்தவருக்கு நினைவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, நண்பரான கணக்கு வாத்தியார் கிருபாசங்கர் புத்தகத்தை விரித்துக்கொண்டு 'பை'யைச் சொல்லச் சொன்னார். தல்ஹா மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தார். இருபத்தாறாவது இலக்கத்தில் வாத்தியார் முகம் வாடியது.

"எட்டு, மூணு வரோணுமுங்க. மாத்திச் சொல்லிப்போட்டாரு."

அதுவரை அழுதுகொண்டிருந்த மனைவி சாஜிதா பேகம் நிமிர்ந்தார். "மூணு, எட்டுன்னாருங்களா?"

"ஆமாங்க."

"அல்ஹம்துலில்லாஹ். நல்லாத்தான் இருக்காருங்க. நிக்காஹ் ஆன நாள்ல இருந்து அதை அப்படித்தான் தப்பாச் சொல்றாரு. பையன் புஸ்தகத்தைக் காட்டுனாலும் ஒத்துக்க மாட்டாரு."

கட்டிலில் கண் மூடியபடியே தல்ஹா சொன்னார்: "புஸ்தகத்துலதானுங்க வாத்தியாரே தப்பு."

வாத்தியார் புத்தகத்தை மூடிவிட்டு, எல்லோருக்கும் டீ வாங்கப் போனார்.