பெற்றவளுக்கு இரவல் குரல்

எஸ்பெராண்டோ எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத மொழி. உலகத்தார் எல்லோரும் ஏற்றத்தாழ்வு இல்லாமல் பேசிக்கொள்ளட்டும் என்று ஒரு மனிதர் உட்கார்ந்து உண்டாக்கியது. அதை நான் பேசினால் ஊர் வாடை அடிக்கிறது என்று ஒருவர் சொன்னால் கோபம் வருமா, வராதா?

குடவாசலில் உரக்கடை வைத்திருக்கிறேன். வியாபாரம் தூங்கிய ஒரு கோடையில், பொழுது போகாமல் கைப்பேசியில் அந்த மொழியைக் கற்க ஆரம்பித்தேன். அது பைத்தியமாகப் பிடித்துக்கொண்டது. தஞ்சாவூரில் ஞாயிறுதோறும் கூடும் சிறு குழுவில் சேர்ந்தேன். அவர்கள் அந்த மொழியில் ஒரு நாடகம் போட்டபோது, கடலுக்குப் போன மகனைப் பறிகொடுக்கும் தாய் வேடம் எனக்குக் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில்கூட மேடை ஏறாதவள் நான். மூட்டை இறக்கும் நேரத்திலும் வசனத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

இயக்குநர் சென்னைக்காரர், ஐரோப்பாவில் சில காலம் இருந்தவர். ஒத்திகையில் என்னை நிறுத்தினார்.

"ஒவ்வொரு வார்த்தையிலயும் தமிழ் வாடை அடிக்குது மேடம். பிரான்ஸ்லேர்ந்து ஒரு லேடி வாய்ஸ் ரெக்கார்ட் பண்ணி அனுப்பியிருக்காங்க. அதைப் போட்டுக்கலாம். நீங்க வாயை மட்டும் அசைச்சா போதும்."

அந்த ரெக்கார்டைப் போடச் சொல்லிக் கேட்டேன். அந்த அம்மாள் 'ர' வரும் இடமெல்லாம் தொண்டையில் கரகரத்தாள். நாக்கு நுனியில் உருள வேண்டிய எழுத்து அது.

"இது மட்டும் பிரெஞ்சு வாடை இல்லீங்களா?"

"அது ஒரு அழகு மேடம்."

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்! வேடத்தை விட மனம் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டேன்.

நாகப்பட்டினத்தில், மீனவர் தெருவை ஒட்டிய கல்யாண மண்டபத்தில் நாடகம். முன்வரிசை முழுக்க அந்தத் தெருப் பெண்கள். கதையை முதலிலேயே தமிழில் சொல்லிவிட்டார்கள். மகன் போன செய்தி வரும் கட்டம் வந்தது. நான் தரையில் சரிந்தேன். ஒலிபெருக்கியில் அந்த அம்மாள் நிதானமாக, சுத்தபத்தமாக அழ ஆரம்பித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பிள்ளை செத்ததற்கு இன்னொருத்தி அழுவதா?

வாயைத் திறந்தேன். லாரி இரைச்சலுக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை; ரெக்கார்டு அமுங்கிப்போனது. எஸ்பெராண்டோ வசனத்தில் ஒரு சொல்லைக்கூட விடவில்லை. இழுவை மட்டும் எங்கள் பக்கத்துச் சாவு வீட்டு இழுவை.

முன்வரிசைப் பெண்கள் எழுந்து மேடைக்கு வந்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் அழுகிறவளைத் தனியாக விடுவது வழக்கமில்லை. சுற்றி உட்கார்ந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு, கூட அழுதார்கள். யார் யாரை நினைத்து அழுதார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த ஊரில் அதைக் கேட்க வேண்டியதில்லை.

இயக்குநர் ஓடி வந்தார். "எறங்குங்கம்மா, இது நாடகம்! நல்ல உச்சரிப்போட ஒரு குரல் ஓடிக்கிட்டிருக்கு, எல்லாரும் சேர்ந்து கெடுக்குறீங்களே!"

என்னைக் கட்டிக்கொண்டிருந்த பெண் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"ஏன் தம்பி, பெத்தவ இங்க உக்காந்திருக்கா. அழுவுறதுக்கு வெளியூர்லேர்ந்து ஆளு கூட்டியாந்தியா?"

யாரோ ரெக்கார்டை நிறுத்தினார்கள். மிச்ச வசனத்தை, அவர்கள் நடுவில் உட்கார்ந்தபடியே, என் வாயால் சொல்லி முடித்தேன்.